தளக் கட்டணம் மாறினால் சிறு விற்பனையாளரின் கணக்கு எப்படி மாறும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையச் சந்தைத் தளங்களில் கடை போட்டிருப்பவர்கள், கட்டண மாற்ற அறிவிப்பு வரும்போதெல்லாம் கேட்கும் கேள்விகள் இவை. கணக்குகளில் வெறும் எண்ணாக வரும் தொகையை உங்கள் நாணயத்தில் வைத்துப் படித்துக்கொள்ளலாம். ஒரு தளத்தின் நிஜக் கட்டணத்தைச் சொல்லும் இடங்களில் டாலர் என்று குறித்திருக்கிறோம். அவை அமெரிக்கச் சந்தைக்கு அந்தந்த ஆண்டில் இருந்த வீதங்கள்.

கமிஷன் 10 சதவீதத்திலிருந்து 12 ஆகிறதாம். இரண்டு சதவீதத்துக்கு இவ்வளவு கவலைப்பட வேண்டுமா?

தளம் கமிஷனை எடுப்பது முழு விற்பனை விலையில். உங்கள் கையில் மிஞ்சுவதோ அந்த விலையில் ஒரு சிறு துண்டு. 500-க்கு விற்கும் பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடக்க விலை 290, பேக்கிங் 15, கூரியர் 60, ரிட்டர்னுக்காக ஒதுக்குவது 15. ஆக 380. தளத்துக்கு 10 சதவீதக் கமிஷன் 50, ஒரு ஆர்டருக்கான நிலையான கட்டணம் 10, பணம் வசூலிக்கும் கட்டணம் 2 சதவீதம், அதாவது 10. மொத்தச் செலவு 450, லாபம் 50.

இப்போது கமிஷனை 12 ஆக்குங்கள். கூடுதலாகப் போவது 10. லாபம் 50-லிருந்து 40-க்கு இறங்குகிறது. அறிவிப்பில் இரண்டு என்று இருந்தது, உங்கள் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்காக வந்து நிற்கிறது. அதே பொருளில் பெரிய வியாபாரி மொத்தக் கொள்முதலால் 250 அடக்கத்தில் வாங்கியிருந்தால் அவர் லாபம் 90-லிருந்து 80 ஆகும். ஒன்பதில் ஒரு பங்குதான் போகிறது. கட்டணம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தும் சின்னக் கடைக்கு அதிகம் வலிப்பது இதனால்தான்.

ஒரு ஆர்டரில் தளம் எதற்கெல்லாம் பிடிக்கிறது?

கமிஷன் என்ற ஒன்றைத்தான் பலரும் பார்க்கிறார்கள். அதற்கு மேல் ஆர்டருக்கு இவ்வளவு என்ற நிலையான கட்டணம், பணம் வசூலிக்கும் கட்டணம், பொருளைத் தளத்தில் பட்டியலிட வாங்கும் லிஸ்டிங் கட்டணம், மாதச் சந்தா, கூரியர், தளத்தின் கிடங்கில் வைத்தால் வாடகையும் எடுத்து அனுப்பும் கூலியும், விளம்பரம், ரிட்டர்ன் கட்டணம், வெளிநாட்டு விற்பனையானால் நாணய மாற்றில் ஒரு பிடித்தம். இவை எல்லாவற்றின் மேலும் வரி வரலாம். அந்த வரியை உங்கள் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடிந்தால் அது வெறும் பணப்புழக்கச் சிக்கல்; முடியாவிட்டால் அதுவும் செலவுதான், கட்டணத்தோடு சேர்த்தே எழுதுங்கள்.

அறிவிப்பு மின்னஞ்சல் வந்தவுடன் எதைப் பார்க்க வேண்டும்?

வீதத்தைப் பார்க்கும் முன், அந்த வீதம் எதன் மேல் கணக்கிடப்படுகிறது என்று தேடுங்கள். பொருள் விலையின் மேலா, கூரியர் கட்டணமும் சேர்ந்த தொகையின் மேலா, பரிசுப் பொதிக்குக் கேட்கும் தொகையும் அதில் அடக்கமா? பல நேரம் பெரிய மாற்றம் இங்கேதான் ஒளிந்திருக்கும்.

கைவேலைப் பொருட்களுக்குப் பேர்போன எட்சி தளம் நல்ல உதாரணம். 2018 ஜூலை வரை அங்கே விற்பனைக் கட்டணம் 3.5 சதவீதம், பொருள் விலைக்கு மட்டும். அந்த மாதம் அது 5 சதவீதமானது. கூடவே கூரியர் தொகையும் கணக்கில் சேர்ந்தது. 2022 ஏப்ரல் 11 முதல் 6.5 சதவீதம். 20 டாலர் பொருளை 6 டாலர் கூரியரோடு விற்பவருக்கு முதலில் 70 சென்ட் போனது, பிறகு 1.30 டாலர், அதன் பின் 1.69. வீதத்தை மட்டும் பார்த்தால் 3.5 என்பது 6.5 ஆகியிருக்கிறது, இரண்டு மடங்குக்கும் குறைவு. கட்டிய தொகையோ ஏறக்குறைய 2.4 மடங்கு.

அடுத்துப் பார்க்க வேண்டியது தேதி. ஆர்டர் வந்த நாளா, அனுப்பிய நாளா, தளம் பிடித்தம் போகப் பணம் தரும் செட்டில்மென்ட் நாளா? அனுப்பிய நாள்தான் கணக்கு என்றால், மாற்றத்துக்கு முந்தைய நாள் வந்த ஆர்டர்களைத் தேக்கி வைப்பது சொந்தக் காசை விடுவதற்குச் சமம். பிறகு உங்கள் பொருள் எந்தப் பிரிவில் பதிவாகியிருக்கிறது என்று சரிபாருங்கள். வீதம் பிரிவுக்குப் பிரிவு மாறும். தவறான பிரிவில் கிடக்கும் பொருள் பல மாதம் அதிகக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

விலையை எவ்வளவு உயர்த்தினால் பழைய லாபம் திரும்பும்?

கூடிய கட்டணத்தை அப்படியே விலையில் சேர்ப்பது எல்லோரும் செய்யும் தவறு. 10 கூடியது, 510 ஆக்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் நீங்கள் கூட்டிய 10-க்கும் கமிஷன் உண்டு. சரியான வழி இது:

விலை = (உங்கள் செலவுகள் + நிலையான கட்டணம் + வேண்டிய லாபம்) ÷ (1 − சதவீதக் கட்டணங்களின் கூட்டுத்தொகை)

மேலே சொன்ன பொருளில் செலவு 380, நிலையான கட்டணம் 10, லாபம் 50, மொத்தம் 440. பழைய சதவீதங்கள் 10 + 2 = 12. எனவே 440 ÷ 0.88 = 500. புதியது 14 சதவீதம். 440 ÷ 0.86 = 511.63. ஆக 512 வைக்க வேண்டும். 510 வைத்தால் லாபம் 48.60-ல் நிற்கும். ஒன்றில் இது சில்லறை. மாதம் ஆயிரம் ஆர்டர் போகும் கடையில் 1,400 குறையும்.

ஒரு எச்சரிக்கை: இந்தக் கணக்கு உங்கள் விலையிலேயே கூரியரும் அடங்கியிருக்கும் கடைக்கு. கூரியர் தொகையை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலித்தால், அவர் கட்டும் மொத்தத் தொகையை விலை என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டு, கடைசியில் கூரியரைக் கழித்துப் பொருள் விலையை எழுதுங்கள்.

விலை ஏற்றினால் விற்பனை விழுந்துவிடாதா?

விழலாம். எவ்வளவு விழுந்தால் நஷ்டம் என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும். விலையை ஏற்றாமல் 500-லேயே வைத்தால் ஒன்றுக்கு 40 லாபம். மாதம் 100 ஆர்டருக்கு 4,000. 512 வைத்தால் ஒன்றுக்கு 50.32, 80 ஆர்டர் போனாலே 4,025 வருகிறது. ஆக, இருபது ஆர்டர் வரை இழந்தாலும் கையில் வரும் பணம் குறையாது, பேக்கிங் வேலையும் முதலீடும் மிச்சம். இருபதுக்கு மேல் இழந்தால்தான் ஏற்றியது தவறு.

இதில் ஒன்றை மறக்கக் கூடாது. பல தளங்களில் விற்பனை குறைந்தால் தேடலில் பொருள் கீழே போகும்; கீழே போனால் விற்பனை இன்னும் குறையும். அதனால் எல்லாப் பொருளையும் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். போட்டி குறைவான, மதிப்புரைகள் நிறைய சேர்ந்த பொருட்களை முதலில் ஏற்றி மூன்று நான்கு வாரம் பாருங்கள். அதே பொருளைப் பத்துப் பேர் விற்கும் இடத்தில் 499-லிருந்து 512-க்குத் தாண்டுவதும், உங்களிடம் மட்டுமே கிடைக்கும் கைவேலைப் பொருளில் அதே தாண்டலும் ஒன்றல்ல.

குறைந்த விலைப் பொருட்கள் மட்டும் ஏன் சட்டென்று கையைக் கடிக்கின்றன?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதைதான். சதவீதக் கட்டணம் விலையோடு சேர்ந்து சுருங்கும். நிலையான கட்டணம் சுருங்காது.

150-க்கு விற்கும் பொருளுக்கு அடக்கம் 70, பேக்கிங் 8, கூரியர் 40, கமிஷனும் வசூல் கட்டணமும் சேர்த்து 12 சதவீதம் என்றால் 18, நிலையான கட்டணம் 5. லாபம் 9. அறிவிப்பில் 'நிலையான கட்டணம் 5-லிருந்து 10' என்ற ஒரு வரி வருகிறது. யாரும் அதைப் பெரிதாகப் பேச மாட்டார்கள், ஏனென்றால் தலைப்பில் கமிஷன் மாறவில்லை. உங்கள் லாபம் 4 ஆகிவிட்டது. ஒரே ஒரு ரிட்டர்ன் வந்தால் இருபது ஆர்டரின் உழைப்பு போகும்.

இங்கே விலையேற்றத்தை விடச் சேர்த்து விற்பது நன்றாக வேலை செய்யும். இரண்டை ஒரே பொதியாக 290-க்கு வையுங்கள். அடக்கம் 140, பேக்கிங் 10, எடை கூடியதால் கூரியர் 48, நிலையான கட்டணம் ஒருமுறை மட்டும் 10, சதவீதக் கட்டணம் 34.80. லாபம் 47.20. தனித்தனியாக இரண்டு விற்றால் கிடைப்பது 8. வாங்குபவருக்கும் 10 மிச்சம்.

ஆனால் ஜோடிப் பொதி ஓடுமா என்பது பொருளைப் பொறுத்தது. தீர்ந்து போகிற, திரும்பத் திரும்ப வாங்குகிற பொருளானால் ஓடும். ஒருவருக்கு ஒன்றே போதும் என்றால் அதற்குத் துணையான வேறொரு பொருளைச் சேர்க்க வேண்டும். ஒரே பொருளை இரண்டு நிறத்தில் சேர்த்து வைப்பது பெரும்பாலும் ரிட்டர்னைத்தான் கூட்டும், ஏனென்றால் ஒரு நிறம் பிடிக்காதவர் இரண்டையும் திருப்பி அனுப்புவார்.

ஸ்லாப் முறையில், அதாவது விலைப் படிநிலைக்கு ஒரு வீதம் என்று, கட்டணம் வைத்திருக்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

ஸ்லாபின் எல்லையைத் தாண்டியவுடன் புது வீதம் முழு விலைக்கும் பொருந்துமா, தாண்டிய பகுதிக்கு மட்டுமா என்பதை. இரண்டும் வேறு வேறு.

அமேசான் 2024 ஜனவரியில் ஆடைகளுக்கான கமிஷனை மாற்றியது: 15 டாலர் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 டாலர் வரை 10, அதற்கும் மேல் 17. இங்கே வீதம் முழு விலைக்கும். 20 டாலருக்கு விற்றால் கமிஷன் 2 போக 18 மிஞ்சும். 20.01 வைத்தால் கமிஷன் 3.40, மிஞ்சுவது 16.61. மீண்டும் 18-ஐத் தொட 21.69 வரை ஏற வேண்டும். அதாவது 20.01-க்கும் 21.68-க்கும் நடுவில் உள்ள எந்த விலையும் 20-ஐ விட மோசம். ஒன்று 20-ல் நில்லுங்கள், இல்லை 22-க்குத் தாவுங்கள். 15-ன் எல்லையிலும் இப்படி ஒரு பள்ளம் உண்டு, 15.83-ல்தான் அது நிரம்பும்.

அதே தளத்தில் நகைகளுக்கு 250 டாலர் வரையிலான பகுதிக்கு 20 சதவீதம், அதற்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும் 5. இங்கே பள்ளம் கிடையாது. எல்லையைத் தாண்டுவதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

தள்ளுபடி போடும்போதும் இந்தக் கணக்கைப் பாருங்கள். எல்லைக்கு ஒரு பிடி மேலே இருக்கும் பொருளுக்குச் சின்னத் தள்ளுபடி கொடுத்து எல்லைக்குள் இறக்கினால், விலை குறைந்தும் வரவு கூடும். விலையைக் குறைத்துக் கூடுதலாகச் சம்பாதிக்கும் வாய்ப்பு வியாபாரத்தில் அடிக்கடி வராது.

ரிட்டர்னுக்கு எவ்வளவு ஒதுக்குவது?

திரும்பி வரும் ஒவ்வொரு பொதியிலும் போகும் காசை முதலில் எழுதுங்கள். போன கூரியர் 60, திரும்பிய கூரியர் 75, வீணான பேக்கிங் 15, தளம் திருப்பித் தராத நிலையான கட்டணம் 10, மறுபடி பொதி கட்டுவதும் மதிப்புக் குறைவும் சேர்ந்து 12. மொத்தம் 172. நூறு ஆர்டரில் எட்டு திரும்பினால் 1,376. இதை நூறால் வகுக்காதீர்கள். நின்ற 92 ஆர்டரால் வகுங்கள். ஒன்றுக்கு 15. முதல் கணக்கில் வைத்த 15 இப்படி வந்ததுதான்.

கட்டண மாற்றத்தில் ரிட்டர்ன் விதி மாறியிருக்கிறதா என்று தனியாகத் தேட வேண்டும். பொருள் திரும்பினால் கமிஷன் முழுதும் திரும்பி வரும் என்று நினைப்பவர்கள் அதிகம். அமேசான், கமிஷனைத் திருப்பித் தரும்போது 5 டாலர் அல்லது அந்தக் கமிஷனில் 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதை நிர்வாகக் கட்டணமாக வைத்துக்கொள்ளும். ரிட்டர்ன் வீதம் அதிகமான பொருட்களுக்குத் தனிக் கட்டணம் விதிக்கும் போக்கும் வந்துவிட்டது. அளவு அட்டவணையைச் சரியாக எழுதுவதும், நிறம் உண்மைக்குக் கிட்ட வரும்படி படம் எடுப்பதும் இப்போது கட்டணத்தைக் குறைக்கும் வேலைகளாகிவிட்டன.

கூரியர் வீதம் மாறவில்லை. ஆனால் கூரியர் பிடித்தம் கூடிக்கொண்டே போகிறதே?

பருமன் எடையாக இருக்கும். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் கிலோவில் வரும் எண் அது. பல கூரியர்கள் இந்த வகுஎண்ணைத்தான் பயன்படுத்துகின்றன. சில வேறு எண் வைத்திருக்கும். நிஜ எடை, பருமன் எடை, இரண்டில் எது பெரிதோ அதற்குத்தான் கட்டணம்.

2.2 கிலோ பொருளை 40 × 30 × 20 பெட்டியில் போட்டால் பருமன் எடை 4.8 கிலோ. 35 × 25 × 15 பெட்டியில் போட்டால் 2.63. அரைக் கிலோ ஸ்லாபில் 5 கிலோவுக்குக் கட்டியது 3 கிலோவுக்குக் குறைகிறது. வகுஎண் 5,000-லிருந்து 4,000 ஆகிறது என்று ஒரு வரி அறிவிப்பில் இருந்தால் அது 25 சதவீத உயர்வு, பெரிய பெட்டிக்காரர்களுக்கு.

தளம் அளந்த அளவும் நீங்கள் அளந்ததும் வேறுபட்டால் புகார் கொடுங்கள். டேப் வைத்த பெட்டியின் படம், தராசில் எண் தெரியும் படம், லேபிள் தெரியும் படம் மூன்றும் வேண்டும். பொதி கட்டும்போதே எடுத்து வைத்தால்தான் கைவசம் இருக்கும். புகாருக்குக் கால வரம்பு உண்டு. தாண்டினால் பார்க்கவே மாட்டார்கள். பெட்டி புடைத்துக்கொண்டு போனால் இயந்திரம் புடைப்பையும் சேர்த்தே அளக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

தளத்தின் கிடங்கில் சரக்கு வைத்திருக்கிறோம். அங்கே என்ன மாறுகிறது?

முன்பெல்லாம் அதிக நாள் கிடந்த சரக்குக்குத்தான் அபராதம். இப்போது குறைவாக வைத்தாலும் பிடிக்கிறார்கள். அமேசான் 2024 ஏப்ரலில் கொண்டுவந்த குறைந்த இருப்புக் கட்டணம், விற்பனை வேகத்தோடு ஒப்பிட்டால் 28 நாளுக்கும் குறைவான சரக்கு தொடர்ந்து இருக்கும் பொருட்களுக்கு. அதற்கு முந்தைய மாதம் வந்தது, சரக்கைப் பல கிடங்குகளுக்குப் பிரித்து அனுப்பாமல் ஒரே இடத்தில் இறக்கினால் பிடிக்கும் கட்டணம்.

முதலீடு குறைவான கடைக்கு இது இரண்டு பக்கமும் இடி. குறைவாக அனுப்பினால் ஒரு கட்டணம், அதிகமாக அனுப்பி விற்காவிட்டால் வாடகை. நடைமுறையில் செய்யக்கூடியது, கிடங்கில் வைக்கும் பொருட்களின் எண்ணிக்கையைக் குறைப்பது. வேகமாக ஓடும் சிலவற்றை மட்டும் ஐந்தாறு வாரச் சரக்கோடு அங்கே வையுங்கள். மெதுவாக ஓடுபவற்றை வீட்டிலிருந்தே அனுப்புங்கள். பல கிடங்குகளுக்குப் பிரித்து அனுப்புவதா, ஒரே இடத்தில் இறக்கிக் கட்டணம் கட்டுவதா என்பதை ஒவ்வொரு முறையும் கணக்குப் போடுங்கள். சரக்கு சிறிதானால், நான்கு இடத்துக்கு அனுப்பும் கூரியர் செலவே அந்தக் கட்டணத்தைத் தாண்டிவிடும்.

மாதச் சந்தாத் திட்டம் லாபமா?

சந்தாவை, ஒரு பொருளில் மிச்சமாகும் தொகையால் வகுத்தால் விடை கிடைக்கும். அமேசானில் தனிநபர் திட்டத்தில் பொருளுக்கு 0.99 டாலர், தொழில்முறைத் திட்டத்தில் மாதம் 39.99 டாலர். 40 பொருள் வரை முன்னதுதான் மலிவு. சீசனில் மட்டும் விற்பவர்கள் திட்டத்தை மாற்றிக்கொண்டே இருக்கலாம். மறந்து விடுவதுதான் இதில் நடக்கும் ஒரே பிழை.

விளம்பரச் செலவைக் கட்டணமாகக் கருத வேண்டுமா?

கட்டாயம். முன்பு தானாக வந்த ஆர்டருக்கு இப்போது விளம்பரம் போட்டால்தான் வருகிறது என்றால், கமிஷன் உயர்ந்ததற்கும் இதற்கும் உங்கள் பையைப் பொறுத்தவரை வித்தியாசமில்லை. பல தளங்களில் கமிஷன் பல ஆண்டுகளாக அசையவே இல்லை, தேடல் பக்கத்தின் மேல் வரிசைகள் மட்டும் விளம்பரத்துக்குப் போய்விட்டன.

எட்சியின் வெளித்தள விளம்பரத் திட்டம், அதாவது உங்கள் பொருளை மற்ற தளங்களில் எட்சியே விளம்பரம் செய்வது, 2020-ல் வந்தது. 365 நாளில் 10,000 டாலருக்கும் குறைவாக விற்ற கடைக்கு, அந்த விளம்பரம் மூலம் வந்த ஆர்டரில் 15 சதவீதம், விலகிக்கொள்ளலாம். 10,000 டாலரைத் தாண்டிய கடைக்கு 12 சதவீதம், விலக முடியாது. விளம்பரத்தைச் சொடுக்கியவர் 30 நாளுக்குள் உங்கள் கடையில் எதை வாங்கினாலும் பிடிப்பார்கள். ஒரு ஆர்டருக்கு உச்சவரம்பு 100 டாலர். இது 6.5 சதவீத விற்பனைக் கட்டணம் போகக் கூடுதலாகப் போவது. பத்தில் ஒரு ஆர்டர் இப்படி வந்தால் சராசரியாக ஒவ்வொரு ஆர்டருக்கும் 1.5 சதவீதம் சேர்த்துக்கொள்ள வேண்டும். மார்ஜின், அதாவது விலையில் லாபத்தின் பங்கு, 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், விலகும் உரிமை இருக்கும்வரை விலகியிருப்பதே மேல்.

பூஜ்யக் கமிஷன் என்கிறார்களே, அங்கே போய்விடலாமா?

போகலாம்; ஆனால் ஒப்பிட வேண்டியது கமிஷனை அல்ல, ஒரு ஆர்டரில் கைக்கு வரும் நிகரத் தொகையை. கமிஷன் வாங்காத தளம் கூரியரிலும் விளம்பரத்திலும் தாமதமாகப் பணம் தருவதிலும் ஈட்டும். ஐந்து பொருளை அங்கே போட்டு முப்பது ஆர்டர் வரட்டும். வங்கியில் வந்த தொகையை ஆர்டர் எண்ணிக்கையால் வகுத்து, பழைய தளத்தின் எண்ணோடு வையுங்கள். ரிட்டர்ன் வீதத்தையும் சேர்த்துப் பாருங்கள்; விலையை மட்டுமே பார்த்து வாங்கும் கூட்டம் கூடும் தளத்தில் அது உயர்ந்திருக்கும்.

கட்டணத்தை வாங்குபவரிடம் வசூலித்தால் நமக்கு என்ன?

இபே பிரிட்டனில் 2024 அக்டோபரில் தனிநபர் விற்பனையாளருக்கு விற்பனைக் கட்டணத்தை நீக்கியது. 2025 பிப்ரவரியில் வாங்குபவர் கட்டும் பாதுகாப்புக் கட்டணம் வந்தது. வாங்குபவர் பார்ப்பது கடைசியில் கட்டும் தொகையை. அது கூடினால் அவர் பேரம் பேசுவார், அல்லது வேறிடம் போவார். நீங்கள் விலையைக் குறைப்பீர்கள். யார் பெயரில் எழுதினாலும் பாரம் இருவருக்கும் பிரியும். போட்டி அதிகமான பொருளில் பெரும்பங்கு விற்பவர் தலையில்.

சரியாகத்தான் பிடிக்கிறார்கள் என்று எப்படி உறுதி செய்வது?

மாற்றம் அமலான பிறகு வரும் முதல் இரண்டு செட்டில்மென்ட் ரிப்போர்ட்டுகளை இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் விலை குறைந்தது, நடுத்தரம், அதிகம் என மூன்று ஆர்டரை எடுங்கள். ரிட்டர்னான ஆர்டர் இரண்டையும் சேருங்கள். கையால் கணக்கிட்டு, பிடித்த தொகைக்கு எதிரே எழுதுங்கள். ஒன்றிரண்டு காசு வித்தியாசம் முழுமையாக்கலால் வரும்; அதற்கு மேல் இருந்தால் காரணம் இருக்கும்.

பெரும்பாலும் அகப்படுபவை: தவறான பிரிவு, பழைய பெட்டி அளவு, முடிந்துபோன சலுகை வீதம், திரும்பிய ஆர்டரில் வராத கமிஷன், நீங்கள் சேராமலேயே சேர்க்கப்பட்ட விளம்பரத் திட்டம். புகாரில் ஆர்டர் எண், அறிவிப்பில் உள்ள வீதம், பிடித்த தொகை, வர வேண்டிய தொகை, இந்த நான்கும் முதல் வரியிலேயே இருக்கட்டும். நீண்ட ஆவேசக் கடிதத்துக்கு வார்ப்புப் பதில்தான் வரும்.

பணம் தரும் நாளைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். இது கட்டண உயர்வு இல்லையே?

வீதம் உயரவில்லை, ஆனால் உங்கள் முதலீடு முடங்குகிறது. நாள் ஒன்றுக்குப் பத்து ஆர்டர், ஒன்றுக்குத் தளத்திலிருந்து வருவது 420 என்றால் தினம் 4,200. ஏழாம் நாள் வந்த பணம் பதினான்காம் நாள் வந்தால் முன்பை விடக் கூடுதலாக 29,400 எப்போதும் தளத்திடமே கிடக்கும். அந்தத் தொகைக்குக் கடன் வாங்கிச் சரக்கு எடுத்தால் வட்டிதான் உங்கள் புதுக் கட்டணம்.

முன்னறிவிப்பு இல்லாமல் கட்டணத்தை மாற்ற முடியுமா? எதிர்த்தால் பயன் உண்டா?

ஒப்பந்தத்தையும் நாட்டின் சட்டத்தையும் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜூலை 12 முதல் அமலில் உள்ள விதிப்படி, நிபந்தனைகளை மாற்றும் தளம் வணிக விற்பனையாளருக்குக் குறைந்தது 15 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். அதற்குள் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. மற்ற இடங்களில் பெரும்பாலும், தொடர்ந்து விற்றாலே சம்மதம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள்.

எதிர்ப்பைப் பொறுத்தவரை, 2022 ஏப்ரலில் எட்சி கட்டணம் உயர்ந்த அதே வாரம் பல ஆயிரம் கடைக்காரர்கள் கடையை மூடிப் போராடினார்கள். உலகமே பேசியது. கட்டணம் இறங்கவில்லை. உங்கள் விலைப் பட்டியலைப் போராட்டத்தின் முடிவுக்காகக் காத்திருக்க வைக்காதீர்கள்.

சொந்த இணையக் கடை தொடங்குவது எப்போது கட்டுப்படியாகும்?

முதல் உதாரணப் பொருளில், உயர்வுக்குப் பிறகு தளத்துக்குப் போவது 60 + 10 + 10 = 80. சொந்தக் கடையில் பண வசூலுக்கு 10 போகும். கடையை நடத்த மாதம் 1,500 என்று வையுங்கள். மாதம் 50 ஆர்டரானால் ஒன்றுக்கு 30. மிச்சம் 40. ஒரு வாடிக்கையாளரைக் கொண்டுவர விளம்பரத்துக்கு 40-க்குள் செலவானால் சொந்தக் கடை மேல். முதல் ஆர்டருக்கு அது அரிது. ஆனால் அதே ஆள் மூன்று முறை வாங்கினால் முதல்முறைச் செலவு 120 வரை தாங்கும். ஆகவே திரும்பத் திரும்ப வாங்கும் பொருளுக்குச் சொந்தக் கடை, ஒருமுறை வாங்கும் பொருளுக்குச் சந்தைத் தளம் என்று பிரித்துக்கொள்வதே பல கடைகளுக்குச் சரிப்படும்.

தளத்து ஆர்டரின் பெட்டிக்குள் 'நேரில் வாங்கினால் தள்ளுபடி' என்று சீட்டு வைக்கலாமா என்று கேட்பார்கள். பல தளங்களில் விதிமீறல், கணக்கு முடங்கும். சில தளங்கள், வேறிடத்தில் குறைந்த விலையைக் கண்டால் உங்கள் பொருளைத் தேடலில் பின்னுக்குத் தள்ளும். சொந்தக் கடையில் விலையைக் குறைப்பதற்குப் பதில், அங்கே மட்டும் கிடைக்கும் அளவு, பொதி, கூடுதல் சேவை என்று வேறுபடுத்துங்கள்.

எந்தப் பொருளைக் கைவிடுவது?

புதிய கட்டணத்தில் ஒவ்வொரு பொருளின் நிகர லாபத்தையும் எழுதி, அதைப் பொதி கட்டி அனுப்ப ஆகும் நிமிடங்களால் வகுங்கள். 4 லாபம் தரும் பொருளுக்கு ஆறு நிமிடம் போனால், மணிக்கு 40-க்கு வேலை செய்கிறீர்கள். லாபமே இல்லாத பொருளை வைத்திருக்கச் சில காரணங்கள் உண்டு: தேங்கிய சரக்கைக் காசாக்க, அல்லது அதை வாங்குபவர் கூடவே வேறொன்றையும் எடுப்பதால். பின்னதை நம்பிக்கையில் சொல்லாமல் ஆர்டர் பட்டியலில் எண்ணிப் பாருங்கள். நூறில் பத்துப் பேர்கூட இன்னொரு பொருளைச் சேர்க்கவில்லை என்றால், கையிருப்பு தீரும்வரை வைத்துவிட்டு, மறுகொள்முதலை நிறுத்துங்கள். லிஸ்டிங்கை அழிக்காமல் இருப்பைப் பூஜ்யமாக்கினால் போதும். மதிப்புரைகள் அப்படியே இருக்கும், ஜோடிப் பொதிக்கோ அடுத்த சீசனுக்கோ உதவும்.